உத்தியோகத்தை விட்டு எண்ணெய் ஆலை தொடங்கலாமா?

கேள்வி: முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். ஐந்து வருடங்களாக அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் விளையும் எள்ளையும் கச்சானையும் (நிலக்கடலை) வாங்கி எண்ணெய் பிழியும் சிறிய ஆலை ஒன்றைத் தொடங்குவது என் நெடுநாள் கனவு. வேலையை விட்டு, காணியை ஈடு வைத்துத் துணிந்து இறங்கு என்கிறார்கள் சிநேகிதிகள். "கிடைச்ச உத்தியோகத்தை விடப் போறியோ" என்று அம்மா அழுகிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் கண்ணீரைக் கோழைத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். 2009 இல் போரில் எல்லாவற்றையும் இழந்து முகாமுக்குப் போய், திரும்பி வந்து பற்றை வெட்டி, தறப்பாள் கொட்டிலில் இருந்து வாழ்க்கையை மறுபடி தொடங்கியவர்கள் வன்னியில் அவர் வயதினரில் மிகப் பலர். மாதம் தவறாமல் வரும் சம்பளத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பயத்துக்காக உங்கள் கனவை மூட்டை கட்டி வைக்கவும் நான் சொல்லமாட்டேன்.

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள கமக்காரர் காலபோகம் என்னும் மாரிப் பருவத்தில் மழையை நம்பி வயல் முழுவதும் விதைப்பார்கள். அவர்களே சிறுபோகம் என்னும் வரண்ட பருவம் வந்ததும் குளத்து நீரின் அளவைப் பார்த்து, கூட்டம் கூடி, இத்தனை ஏக்கருக்குத்தான் தண்ணீர் போதும் என்று தீர்மானித்து, அதைத் தமக்குள் பங்கிட்டு விதைக்கிறார்கள். நீங்களும் முதலில் உங்கள் கையிருப்பைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

சிநேகிதிகள் இயந்திரத்தின் விலையை மட்டும் கணக்கிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தொழிலில் பணத்தை விழுங்குவது மூலப்பொருள்தான். எள்ளு அறுவடையாகி விலை இறங்கும் சில வாரங்களுக்குள் ஆண்டு முழுவதற்குமான எள்ளை வாங்கிக் காயவைத்து அடுக்கிவிட வேண்டும். அந்தப் பணம் போத்தல் போத்தலாகத்தான் திரும்பி வரும். பத்துக் கிலோ எள்ளில் ஏறத்தாழ நான்கு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும் என்பதால், மிஞ்சும் பிண்ணாக்கை மாடு வளர்ப்பவர்களுக்கு விற்கும் காசையும் சேர்த்துத்தான் இலாபம் பார்க்க முடியும். மும்முனை மின்சாரம், பிரதேச சபை அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஒப்புதல் ஆகியவற்றுக்கும் காலமும் காசும் வேண்டும்.

ஆகவே இப்போதைக்கு இயந்திரம் வேண்டாம். இந்த அறுவடையில் உங்கள் சேமிப்புக்கு இயன்ற சில மூட்டைகளை மட்டும் வாங்கி, ஏற்கெனவே இயங்கும் ஆலை ஒன்றில் கூலிக்குப் பிழிந்து, அம்மாவின் உதவியோடு விற்றுப் பாருங்கள். அரச ஊழியர் என்பதால் அதற்கு முன் திணைக்களத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். சம்பளமற்ற விடுமுறைக்கு இடமுண்டா என்பதையும் அப்போதே விசாரியுங்கள். தெரிந்த முகத்துக்காக முதல் போத்தலை எவரும் வாங்குவார்கள். அதே வீட்டார் மூன்றாவது போத்தலுக்கு ஆள் அனுப்புகிறார்களா என்று கொப்பியில் குறித்து வாருங்கள்.

கடன் விடயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: காணியைத் தொடாதீர்கள். தோற்றால் உங்கள் சேமிப்பு போகலாம், அதை மீண்டும் உழைக்கலாம். ஆனால் அம்மாவின் கூரை போகக்கூடாது. வாரா வாரம் வாசலில் வந்து வசூலிக்கும் கடனும் வேண்டாம். எள்ளு விற்ற காசு வாரக் கணக்கில் வருவதில்லை. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் இத்தகைய நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இரண்டு அறுவடைகள் இப்படிப் போகட்டும். எள்ளு, கூலி, போத்தல், போக்குவரத்து எல்லாம் கழித்து உங்கள் சம்பளத்தின் பாதியாவது மாதந்தோறும் மிஞ்சுகிறது என்று அந்தக் கொப்பி காட்டினால், அதை அம்மாவுக்கு முன்னால் விரித்து வைத்துப் பேசுங்கள். அதன் பிறகு எனக்கு மீண்டும் எழுதினால், வேலையை விடுங்கள் என்றே பதில் தருவேன்.