6.3 வந்தால் சர்க்கரை நோயா? மொரிஷியஸ் வாசகர்களின் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

டாக்டர், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்ததில் 6.3 வந்திருக்கிறது. சென்னையில் இருக்கும் அத்தையிடம் சொன்னால், "இங்கே நூறைத் தாண்டினால்தான் கவலை, ஆறெல்லாம் ஒரு கணக்கா?" என்கிறார். எதை நம்புவது? (46 வயதுப் பெண், ரோஸ்ஹில்)

அத்தை சொல்லும் நூறு வேறு அளவு அம்மா. இங்கே மில்லிமோலில் எழுதுகிறோம், இந்தியாவில் மில்லிகிராமில். உங்கள் எண்ணை 18-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 113. அத்தையின் கணக்கிலும் நூறைத் தாண்டியாயிற்று.

ஆனாலும் இது சர்க்கரை நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 6.1 முதல் 6.9 வரை நோய்க்கு முந்தைய நிலை. அமெரிக்கர்கள் 5.6-லிருந்தே எச்சரிக்கிறார்கள். 7.0-ஐத் தொட்டால்தான் நோய் என்ற பேச்சு. அதையும், தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு நாள் பரிசோதித்து உறுதி செய்யாமல் சொல்லக் கூடாது.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்து குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அதில் 7.8 முதல் 11.0 வரை வந்தால் முந்தைய நிலை, 11.1-ம் அதற்கு மேலும் நோய். நம்மவர்களில் பலருக்கு வெறும் வயிற்றில் எண் நல்லபடியாக இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் ஏறும். அடுப்பை அணைத்துவிட்டுப் பாலைப் பார்த்து "பொங்கவில்லையே" என்றால் எப்படி?

தைப்பூசக் காவடிக்காகப் பத்து நாள் விரதம். ஒரு வேளை பழமும் பாலும்தான். எப்படியும் வெறும் வயிறுதானே, அப்போதே ரத்தம் கொடுத்துவிடலாமா? (கத்ர் போர்ன்)

வேண்டாம். சோதனைக்குத் தேவையான வெறும் வயிறு ஓர் இரவு, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல். தண்ணீர் குடிக்கலாம். பத்து நாள் அரைவயிறு என்பது வேறு. அப்போது வெறும் வயிற்று எண் உங்கள் வழக்கமான நிலையைக் காட்டாமல் இறங்கியிருக்கலாம். குளுக்கோஸ் சோதனையோ இதற்கு நேர்மாறாக ஏமாற்றும்: சில நாள் மாவுச்சத்து குறைந்த உடம்பு, திடீரென்று குளுக்கோஸ் வந்தால் தடுமாறி எண்ணை உயர்த்திக் காட்டும். அந்தச் சோதனைக்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சோறு, ரொட்டி சாப்பிட்டிருக்க வேண்டும். ஆகவே காவடி இறக்கி, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பி, ஒரு வாரம் போகட்டும்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். சர்க்கரை மளமளவென்று இறங்கினால் வெயிலில் காவடியோடு மயங்கி விழ நேரும். முருகன் அதைக் கேட்கவில்லை.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c சோதனை) 5.9 சதவீதம் என்கிறார்கள். எனக்கு ரத்தசோகையும் உண்டு. (38 வயதுப் பெண்)

5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை என்பது அமெரிக்கக் கணக்கு. இரும்புச்சத்து குறைந்தால் இந்த எண் பொய்யாக ஏறும். தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் குறைபாடு இருந்தாலும் தவறாகலாம். சோகையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். அதுவரை மேலே சொன்ன குளுக்கோஸ் சோதனையே நம்பகமானது.

நான் ஒல்லி. இனிப்பும் தொடுவதில்லை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சர்க்கரை. எனக்கு எதற்குச் சோதனை? (41 வயது ஆண், போர்ட் லூயி)

அப்பா, சித்தப்பா என்ற அந்த ஒரு வரியே போதும், சோதனை செய்யுங்கள். நம் உடல்வாகில் தோலுக்கடியில் தெரியாத கொழுப்பு வயிற்றுக்குள் சேரும். உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே, ஆணுக்கு இடுப்பளவு 90 செ.மீ.யைத் தாண்டினாலே நமக்கு எச்சரிக்கை. தித்திப்பு மட்டும் சர்க்கரை இல்லை. தோல்புரி ரொட்டியின் மைதாவும் ஏழு கறிக்கு அடியில் குவியும் சோறும் ரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் சேரும்.

இந்தத் தீவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 1987-இல் எடுத்த ஆய்வுக்குப் பிறகு ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றினார்கள். 1992-இல் மீண்டும் பார்த்தபோது மக்களின் கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியிருந்தது. சர்க்கரைக் கோளாறு இறங்கவில்லை. அதற்கு எடையும் நடையும் மாற வேண்டும். அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், முந்தைய நிலையில் இருந்தவர்களுக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்று இலக்கு வைத்தார்கள். நோயாக மாறுவது 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் நம்மைப் போன்றவர்களிடம் 2006-இல் வெளியான ஆய்வில் 28.5 சதவீதம். குறைவாகத் தோன்றலாம், ஆனால் அவர்கள் எடை ஏறக்குறைய குறையவே இல்லை என்பதுதான் உங்களைப் போன்ற ஒல்லியானவர்களுக்கு நல்ல செய்தி.

வீட்டு மீட்டரில் காலையில் 7.4. பயமாக இருக்கிறது. (கியூர்பீப்)

மீட்டரை வைத்து நோயை முடிவு செய்வதில்லை, ஆய்வகத்தில் ரத்தம் கொடுங்கள். அதற்கு முன், கையைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு ஒருமுறை குத்திப் பாருங்கள். லிச்சி உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணை ஏற்றிவிடும்.