மேல்மாடிச் சூடு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வீடு ரொம்பச் சூடாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? மேல்மாடியா, கீழ்த்தளமா? கான்கிரீட் கூரையா, தகரமா? ஜன்னல்கள் எந்தத் திசையில் இருக்கின்றன? சூடு தெரிவது மத்தியானமா, ராத்திரியா? இதெல்லாம் எழுதாமல் மருந்து கேட்காதீர்கள். மேல்மாடி என்றால் வரிசை இதுதான்: முதலில் கூரை, அடுத்து மேற்கு, கிழக்கு ஜன்னல்கள், கடைசியில் சுவர்.

பகலைக்கூடச் சமாளித்துவிடுகிறோம். ராத்திரி 9 மணிக்கு மேல்தான் படுக்கையறை கொதிக்கிறது. வெயிலே இல்லாத நேரத்தில் ஏன்?

கான்கிரீட் வெயிலை உடனே உள்ளே விடாது. வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக இறக்கும். 12 முதல் 15 செ.மீ. தளத்துக்கு இந்தத் தாமதம் ஏறக்குறைய 4, 5 மணி நேரம். மத்தியானம் ஏறிய சூடு பொழுது சாய்ந்த பிறகுதான் சீலிங்கில் தெரியும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அப்புறம் சுவரில் வையுங்கள். சீலிங் தெளிவாகச் சூடாக இருந்தால் காரணம் கூரைதான்.

வெயில் கான்கிரீட்டைத் தொடுவதற்கு முன்பே தடுப்பதுதான் சரி. தளத்தின் மேல்பக்கம் 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் போர்டு (தெர்மாகோல் வகையைச் சேர்ந்த, அதைவிடக் கெட்டியான வெப்பத்தடுப்புப் பலகை), அதன் மேல் காரைப்பூச்சு அல்லது ஓடு. உள்பக்கம் ஒட்டினாலும் அறைக்கு வரும் சூடு குறையும். ஆனால் தளம் வெயிலில் விரிந்து, ராத்திரியில் சுருங்கி, அதே பாடுதான் படும். எது செய்தாலும் முதலில் நீர்க்கசிவைச் சரிசெய்யுங்கள்.

5 செ.மீ.க்குப் பதில் 10 செ.மீ. போட்டால் பலன் இரண்டு மடங்கா?

இல்லை. முதல் 5 செ.மீ. கூரை வழியாக வரும் சூட்டில் சுமார் 80 சதவீதத்தை நிறுத்திவிடும். அடுத்த 5 செ.மீ. இன்னொரு 10 சதவீதம். அந்தப் பணத்தை ஜன்னலுக்குச் செலவிடுங்கள்.

வெப்பத்தைத் தடுக்கும் செராமிக் பெயின்ட் அடித்தால் அறையில் 15 டிகிரி குறையும் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பாதீர்கள். மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகுதான் கேட்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

வெள்ளை நிறம் வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. உச்சி வெயிலில் வெறும் கான்கிரீட் 60 டிகிரியைத் தொடும்போது, புதிதாக வெள்ளையடித்த தளம் 40, 45-இல் நிற்கும். விற்பவர் சொல்லும் 15 டிகிரி இதுதான். அது மாடியின் மேற்பரப்பில் குறைவது. கீழே அறைக் காற்றில் 2, 3 டிகிரி குறையலாம். வெறும் தளத்தோடு இருந்த சில வீடுகளில் 4, 5 வரை போகலாம். இதுவே நல்ல பலன்தான். இதை இப்படியே சொல்லி விற்கலாமே!

அடுத்து அந்த ‘செராமிக்’. பெயின்ட் காய்ந்தால் அரை மில்லிமீட்டர். அதற்குள் எந்த மாவைக் கலந்தாலும் அது வெப்பத்தடுப்புப் பலகை ஆகிவிடாது. அந்தப் படலம் தன் கனத்தால் தடுக்கும் சூடு, கூடுதலாக ஒரு செ.மீ. கான்கிரீட் தடுப்பதற்குச் சமம், அவ்வளவுதான். வெயிலைத் திருப்பி அனுப்புவது அதன் வெண்மை. சாதாரணச் சுண்ணாம்பும் புதிதில் அதைத்தான் செய்கிறது; சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்பதுதான் வித்தியாசம். தூசி படிந்தால் எந்த வெள்ளையும் பலன் இழக்கும். மாடியைக் கழுவுங்கள், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடியுங்கள்.

இன்னொன்று. அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டி நிரூபிப்பவர்களிடம் கவனமாக இருங்கள். பளபளக்கும் அலுமினியப் பரப்பில் அதைக் காட்டினால், பரப்பின் சூட்டைக் காட்டாது. அதில் பிரதிபலிக்கும் வானத்தைப் படித்து மிகக் குறைவாகக் காட்டும். அளக்க வேண்டிய இடம் உங்கள் அறை, நேரம் சாயங்காலம். பெயின்ட் அடித்த அறையையும் அடிக்காத அறையையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

டைல்ஸுக்கு அடியில், சிமென்ட் கலவைக்குள் அலுமினியம் ஃபாயில் போடலாமா?

வீண். ஃபாயிலுக்கு ஒரு பக்கமாவது 2 செ.மீ. காற்றிடைவெளி வேண்டும். கலவையில் புதைந்தால் அது வெறும் தகடு.

தகரக் கூரை. ஃபாயிலின் பளபளப்பு மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா?

ஒரு பக்கம்தான் பளபளப்பு என்றால் கீழே, காற்றிடைவெளியைப் பார்த்து. மேலே பார்த்தால் தூசி படிந்து பலன் போய்விடும். தகரத்துக்கும் ஃபாயிலுக்கும் இடையில் தேங்கும் சூடான காற்று வெளியேற உச்சியில் திறப்பு விடுங்கள். தகரத்துக்கு வெளியே வெள்ளையும் அடியுங்கள்.

மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை போட்டும் அறை சுடுகிறதே?

கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்த பிறகு திரை என்ன செய்யும்? திரை சூடாகி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே இருக்கும். மறைப்பு வெளியே வேண்டும்: மூங்கில் தட்டி, மடக்குப் பலகை, எதுவானாலும். சாயங்கால வெயில் சாய்வாக வரும் என்பதால் மேலே நீட்டிய சன்ஷேடு மட்டும் போதாது. நேராகத் தொங்கும் மறைப்பு வேண்டும்.

போன வருடம் மாடியில் தெர்மாகோல் போட்டு மேலே ஓடு பதித்தோம். முதல் கோடையில் அருமை. மழைக்குப் பிறகு பழையபடி சூடு. தரமில்லாத பொருளா?

நீர்ப்புகாப் பூச்சு எங்கே, யார் போட்டது என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. போடவில்லை என்றே நினைக்கிறேன். இந்தப் பலகைகள் சூட்டைத் தடுப்பது உள்ளே அடைபட்ட காற்றால். தண்ணீர் அசையாக் காற்றைவிட 25 மடங்கு சூட்டைக் கடத்தும். ஓட்டின் இடுக்கு வழியாக இறங்கிய மழைநீர் பலகையில் ஊறியிருந்தால் பலன் போயிருக்கும்.

தண்ணீர் போகும் குழாய்க்குப் பக்கத்தில், தாழ்வான மூலையில் பதித்த ஓடு ஒன்றை மட்டும் பெயர்த்து, ஒரு துண்டு தெர்மாகோலை வெட்டி எடுத்துப் பிழியுங்கள். நீர் சொட்டினால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் ஓடும் சரிவு (வாட்டம்) பார்த்து, நீர்ப்புகாப் பூச்சு போட்டு, இரண்டு நாள் தண்ணீர் கட்டிச் சோதித்து, அதற்கப்புறம் பலகை வையுங்கள். இந்த முறை நீர் எளிதில் ஊறாத எக்ஸ்பிஎஸ் வாங்குங்கள்.