குடும்ப மருத்துவம் பக்கம் போகலாமா? மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

எம்.பி.பி.எஸ். முதலாண்டிலேயே கிராமத்தில் குடும்பங்களைத் தத்தெடுக்கச் சொல்கிறார்கள். ரெக்கார்டு நோட்டு எழுதுவதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?
- மாணவி, தேனி

நிறைய இருக்கிறது. வார்டில் ஒரு சர்க்கரை நோயாளியைச் சில நாள்தான் பார்ப்பீர்கள். தத்தெடுத்த வீட்டில் அதே நோயாளியை ஆண்டுக்கணக்கில் பார்க்கலாம். மாத்திரையை எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், வீட்டில் சமைப்பது யார், நூறு நாள் வேலைக்குப் போகும் அன்று மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு... இவை எதுவும் கேஸ் ஷீட்டில் வராது. குடும்ப மருத்துவத்துக்கு உயிரே இந்தத் தொடர்ச்சிதான். கிராம சுகாதார செவிலியரோடு சேர்ந்து போங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பேராசிரியரும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

எலெக்டிவ் நாட்களில் (நாமே தேர்ந்தெடுத்த இடத்தில் பயிற்சி பெறும் நாட்கள்) எங்கே போகலாம்?
- மூன்றாமாண்டு மாணவர், சேலம்

உங்களுக்குப் பக்கத்திலேயே, தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில், 1993 முதல் ஒரு பழங்குடி நல மருத்துவமனை நடக்கிறது. உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வளர்ந்த இடம். நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை, கே.வி.குப்பத்தில் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) நடத்தும் 'ருசா' கிராம சுகாதார மையம் ஆகியவையும் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கல்லூரியின் அனுமதியும் வேண்டும். ஆராய்ச்சியில் ஆர்வமிருந்தால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மாணவர்களின் குறுகிய கால ஆராய்ச்சிக்குத் தரும் எஸ்.டி.எஸ். உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள்.

எஸ்.பி.எம்.மும் (சமுதாய மருத்துவம்) குடும்ப மருத்துவமும் ஒன்றுதானே?
- மாணவர், திருநெல்வேலி

இல்லை. எஸ்.பி.எம். ஊர் முழுவதன் நோய்க்கணக்கைப் பார்க்கிறது. குடும்ப மருத்துவர் தன்னிடம் வரும் குழந்தை முதல் பாட்டி வரை ஒவ்வொருவருக்கும் சிகிச்சை தருகிறார்.

குடும்ப மருத்துவத்தில் பி.ஜி. (பட்ட மேற்படிப்பு) உண்டா? என் மகள் ஆசைப்படுகிறாள், எங்களுக்குத் தயக்கம்.
- தந்தை, திருச்சி

உண்டு ஐயா. நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதி, தேசியத் தேர்வு வாரியம் தரும் மூன்றாண்டு டி.என்.பி. பட்டத்துக்குக் குடும்ப மருத்துவம் படிக்கலாம். எம்.டி.யும் இருக்கிறது, கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி அதில் முன்னோடி. இடங்கள் குறைவு என்பது உண்மை, அது மாறியே ஆகவேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க சி.எம்.சி.யின் தொலைநிலை டிப்ளமா இருக்கிறது. எம்.டி.க்கு அது ஈடாகாது, ஆனால் கிளினிக் நடத்துபவருக்கு நன்றாகக் கைகொடுக்கும். மகளின் விருப்பத்தைத் தடுக்காதீர்கள்.

பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) வேலைக்குப் போனால் பி.ஜி. கனவு போய்விடுமா?
- ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்), மதுரை

போகாது. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் 50 சதவீதம் பணியிலிருக்கும் அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அதற்கு முன்னால், ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் சமுதாய மருத்துவத்துக்கென உள்ள 12 வாரங்களைக் கையெழுத்துப் போட்டுவிட்டு நீட் புத்தகம் படிக்கும் காலமாக்கிவிடாதீர்கள். பி.எச்.சி.யில் புறநோயாளிகளை (ஓ.பி.) நீங்களே பார்க்க அனுமதி கேளுங்கள்.