பழைய ஸ்பிட்ஃபயர் காரில் ஆர்பிஎம் மீட்டர் கேபிள் அறுந்துவிட்டது. நாமே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். ஆனால் புது கேபிள் தபாலில் வந்ததும் நேராக மாட்டப் போய்விடாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். மூன்றே வாரத்தில் அதுவும் அறுந்தது.

நீங்கள் சொல்லியிருக்கும் அறிகுறிகள்: 1969 மாடல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. இரண்டு நாளாக, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடியது, மூன்றாம் நாள் டேஷ்போர்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் முள் பூஜ்ஜியத்தில் படுத்துவிட்டது. ஸ்பீடோமீட்டரில் குறையில்லை. என்னுடையதும் மார்க் 3 தான், 1968. சத்தம் உட்பட எல்லாம் அப்படியே எனக்கும் நடந்தது.

இந்தக் காரில் ஆர்பிஎம் மீட்டருக்கு மின்சாரம் கிடையாது, உள்ளே எரியும் விளக்கைத் தவிர. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்ன கியர் இருக்கிறது. அது சுற்றும்போது கேபிளின் உள் கம்பியும் சுற்றும், மறுமுனையில் மீட்டர். ஊரில் பழைய பைக்குகளில் முன் சக்கரத்திலிருந்து ஸ்பீடோமீட்டருக்குப் போகுமே, அதே ஏற்பாடுதான். மீட்டருக்குள் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தின் மேல் தொப்பி கவிழ்த்த மாதிரி ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தம் சுற்றுவதால் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் அதோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும். கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற மெல்லிய ஹேர்ஸ்பிரிங் அதைப் பின்னால் இழுக்கும். இந்த இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வேலைக்குக் கேபிள் கொடுக்க வேண்டிய பலம் ஒன்றுமே இல்லை. இறுக்கிப் பின்னிய எஃகுக் கம்பி அது. ஐம்பது வருடத்தில் தானாகத் தேய்ந்து அறுவதும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் இரண்டு முனைகளில் ஏதோ ஒன்று இறுகியிருக்கும், அல்லது கேபிள் எங்காவது மடங்கிக் கிடக்கும்.

நான் இருப்பது கோவென்ட்ரியில். ஸ்பிட்ஃபயர் பிறந்த கான்லி தொழிற்சாலை இருந்த ஊர். 1980-இல் கடைசி ஸ்பிட்ஃபயர் வெளியே வந்த பிறகு அங்கே கார் பூட்டும் வேலை நின்றுபோனது. இந்தக் கார் மேல் எனக்கு வந்த பைத்தியத்துக்குக் காரணம் கோவென்ட்ரி இல்லை, சென்னை. பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது, சென்னையிலேயே தயாரானது. பானெட்டைத் தூக்கினால் காரின் முன்பக்கம் மொத்தமும், மட்கார்டு ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து, முதலை வாய் மாதிரி முன்னோக்கித் திறக்கும். ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி அதன் மேல் கட்டிய கார். பானெட்டும் அதே முதலை வாய். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் கேபிள் அறுந்ததும் புதிது வரவழைத்து முக்கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டேன். முள் எழுந்து நின்றது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இருபத்தோராம் நாள் மறுபடியும் 'டக்'. மட்டமான கேபிளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று விற்றவர்மேல் கோபம். பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல்கூட எழுதிவிட்டேன், அனுப்பவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், கான்லியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு கேபிள் செத்திருக்கு. கொன்னது யாருன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. அன்று சாயங்காலம்தான் பார்த்தேன்.

அறுந்த உள் கம்பியிலிருந்து மீட்டர் பக்கத்து முனையை ஒரு ஜாண் நீளத்துக்கு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நுனி சதுரமாக இருக்கும். அதை மீட்டரின் பின்னால் உள்ள துளையில் செருகி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள். நல்ல மீட்டர் என்றால் எந்தத் தடையும் தெரியாது. வேகமாக உருட்டினால் முள் லேசாகத் துள்ளும். என் மீட்டரில் அது மணல் விழுந்த மிளகு அரைக்கும் மெஷின் மாதிரி கரகரவென்று வந்தது. அரைச் சுற்று போய் நின்றது, அழுத்தினால் மறுபடி நகர்ந்தது. காரணம் கிரீஸ். முன்பு காரை வைத்திருந்தவர் கேபிளில் தாராளமாக கிரீஸ் அப்பியிருக்கிறார். கம்பி சுற்றச் சுற்ற அது திருகாணி மேலேறுவது போல மீட்டருக்குள்ளேயே ஏறி, பல வருடத்தில் ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி இறுகிவிட்டது.

மீட்டரைக் கழற்றுவது கஷ்டமில்லை. மார்க் 3-இல் இரண்டு பெரிய மீட்டரும் டேஷ்போர்டின் நடுவில்தான் இருக்கின்றன. பின்னால் ஒரு தாங்கி, கையாலேயே திருகும் நட்டுகள், இழுத்தால் வரும் பல்பு ஹோல்டர்கள், ஓர் எர்த் ஒயர். எது எங்கே இருந்தது என்று முதலிலேயே போனில் படம் எடுத்துவிடுங்கள். பின்பக்கக் குழாயில் கெட்டியாக இருந்ததைப் பல்குத்தும் குச்சியாலும் துணியாலும் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ஒரு இரவு விட்டு மறுநாள் உருட்டினால் விரலுக்குத் தெரியாமல் சுற்றியது. இதற்கும் மசியவில்லை என்றால் மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். முன் வளையத்தைத் திருகித் திறந்து உள்ளே கை வைக்க வேண்டாம். ஹேர்ஸ்பிரிங் ஒரு தடவை கோணலானால் அப்புறம் முள் காட்டுவதெல்லாம் பொய்.

இன்னொரு முனையையும் விடக் கூடாது. கார்ப்பரேட்டர்களுக்கு எதிர்ப்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும். அதில் கேபிள் சேரும் நட்டைக் கழற்றி, டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். அறுந்த கம்பியின் சதுர நுனி சில சமயம் அங்கேயே தங்கிவிடும். அதை எடுக்காமல் புதிதை எவ்வளவு அழுத்தினாலும் உட்காராது. அப்புறம் இக்னிஷன் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வரும் நடு ஒயரைப் பிடுங்கி எர்த் செய்துவிட்டு (அதாவது இன்ஜினின் வெற்று உலோகத்தோடு இணைத்துவிட்டு), கியர் நியூட்ரலில் இருக்க, யாரையாவது ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். துளைக்குள் கியர் சீராகச் சுற்ற வேண்டும். சுற்றவே இல்லை, அல்லது விட்டு விட்டுச் சுற்றுகிறது என்றால் பல் போய்விட்டது. கேபிளை மறந்துவிட்டு முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கவனியுங்கள்.

இரண்டு முனையும் சுத்தம் என்றால் மாட்டுவது சின்ன வேலை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், டேஷ்போர்டு பின்னால் கை விடப்போகிறீர்கள். மாடலைப் பொறுத்தும், ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தும் கேபிள் நீளம் மாறும். பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். புது கேபிளின் உள் கம்பியை உருவி மேஜை மேல் உருட்டிப் பாருங்கள். கோணல் இருந்தால் துள்ளும். அப்படிப்பட்டதை மாட்டினால் முள் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

கிரீஸ் மெல்லிசாக, விரலில் தொட்டுத் தடவினால் போதும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. தடவிய கம்பியை முழுக்க உறைக்குள் விட்டு, மீட்டர் பக்கம் சுமார் 20 சென்டிமீட்டர் மறுபடி வெளியே இழுத்து, அந்த நீளத்தை மட்டும் துணியால் துடைத்துவிட்டு உள்ளே தள்ளுங்கள். என் மீட்டரில் ஏறிய பாகு, இந்த ஒரு துடைப்பு இல்லாததால் வந்தது.

ஃபயர்வாலில், அதாவது இன்ஜினையும் உட்காரும் பகுதியையும் பிரிக்கும் தகட்டில், உள்ள ரப்பர் வளையம் வழியாகக் கேபிளை விடும்போது எங்கும் நறுக்கென்று மடங்கக் கூடாது. வளைவு எங்கே வந்தாலும் அதன் ஆரம் 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மீட்டருக்குப் பின்னால் கடைசி 5 சென்டிமீட்டர் நேராகப் போக வேண்டும். முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் முனையை மாட்டுங்கள். மேல் முனையில் உள் கம்பி உறையிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கீழே சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் நட்டு விரலாலேயே கடைசிவரை ஏற வேண்டும். பாதியில் நின்றால் சதுரம் சதுரத்தில் சேரவில்லை. அந்த நேரத்தில் பிளையரைத் தேடாதீர்கள். நட்டைப் பின்வாங்கி, கம்பியை விரலால் கால் சுற்று திருப்பி மறுபடி முயலுங்கள்.

இத்தனை வேலைக்கும் பதிலாக மீட்டருக்குள் எலக்ட்ரானிக் பலகை வைத்துக் கேபிளையே ஒழித்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்பவர்கள் செய்கிறார்கள், தப்பில்லை. எனக்கு மனசு வரவில்லை. பெரியவரும் அந்தப் பேச்சை எடுத்தால் பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விடுவார்.

புது கேபிள் வரும்வரை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டலாம், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அறுந்த கம்பியின் கீழ்ப்பாதி இன்னும் டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்து உறைக்குள் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இன்றைக்கே அதை உருவி எடுத்துவிட்டு, வெறும் உறையை மட்டும் திரும்ப மாட்டி வையுங்கள். உருவிய துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எங்கே அறுந்தது, எந்த இடம் முறுக்கு பிரிந்திருக்கிறது என்று பார்க்கத் தேவைப்படும்.