ஹைவேயில் மட்டும் இடது முழங்காலில் குளிர்காற்று

காரில் ரீசர்க்குலேஷனை (உள்காற்றையே திரும்பச் சுழற்றும் நிலை) அணைத்து, வெளிக்காற்றை எடுக்கும் நிலையில் ஃபேனை ஒரு படி கூட்டி ஓட்டிப் பாருங்கள். ஹீட்டர் சூடாகத்தான் இருக்கிறது, டொராண்டோ 401 ஹைவேயில் வேகம் பிடித்ததும் இடது முழங்காலில் சில்லென்று அடிக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் கோளாறு ஹீட்டரில் இல்லை, எங்கோ காற்று கசிகிறது. வெளிக்காற்றை எடுத்தால் காருக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடி, இடுக்கு வழியாகக் குளிர் நுழைவது குறையும். கண்ணாடியில் ஆவி படிவதும்கூட.

என் சந்தேகம் ஓட்டுநர் கதவின் ரப்பர் பட்டை மேல்தான். ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. சுற்றிலும் பாருங்கள், முக்கியமாகக் கீழ் மூலை. துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் தடவினாலே சில சமயம் சரியாகிவிடும் (சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும்). கிழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ரப்பர் நன்றாக இருந்தால், அப்புறம் டாஷ்போர்டுக்குக் கீழே வயர்களும் பானெட் கேபிளும் உள்ளே வரும் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள், ரப்பர் மூடி கழன்றிருக்கலாம்.

பின்பம்பருக்கு உள்ளே இருக்கும் காற்றுத் துளைகளை மட்டும் டேப் போட்டு அடைத்துவிடாதீர்கள், உள்ளே வந்த காற்று வெளியேறுவதே பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.