அவசரப்பட்ட ஸ்னோட்ராப்

கேள்வி: லண்டனில் என் தோட்டத்தில் அக்டோபர் கடைசியிலேயே ஒரு ஸ்னோட்ராப் (கிழங்கிலிருந்து வளரும் சின்ன வெள்ளைப் பூச்செடி) பூத்துவிட்டது. ஜனவரியில்தானே வரும்? இது என்ன இனம்?
– ஒரு வாசகி

பதில்: இலையுதிர்காலத்தில் பூக்கும் ஸ்னோட்ராப்களும் உண்டு. பூவின் பச்சைப் புள்ளியை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது ஆளை ஏமாற்றும், இலையைப் பாருங்கள். பூக்கும்போது இலையே இல்லாமலோ, குட்டியாகவோ இருந்து, பிறகு வளரும் இலையின் நடுவில் சாம்பல் கோடு ஓடினால் அநேகமாக அது கலாந்தஸ் ரெஜினே-ஓல்கே இனம் (கலாந்தஸ் என்பது ஸ்னோட்ராப்பின் தாவரவியல் பெயர்). கிரீஸ் நாட்டுச் செடி, அந்நாட்டு ராணி ஓல்காவின் பெயரை 1876இல் வைத்தார்கள். கோடு தெளிவாக இல்லாமல் இலை ஒடுங்கியிருந்தால் துருக்கியின் பெஷ்மெனி இனமாக இருக்கலாம். அகலமான சாம்பல்பச்சை இலை, ஒன்றை இன்னொன்று அடியில் சுற்றிக்கொண்டு நின்றால் எல்வெசி இனத்தின் முன்பூப்பு வகை.

சரி, வளர்ப்பு? மற்ற ஸ்னோட்ராப் போல ஈர நிழலில் வைத்தால் ரெஜினே-ஓல்கே சோர்ந்துபோகும். கோடையில் வெயில்பட்டுக் காய்கிற, தண்ணீர் நிற்காத இடம் கொடுங்கள். அப்புறம், கிரீஸுக்குச் சுற்றுலா போனால் கிழங்கைத் தோண்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், எல்லா ஸ்னோட்ராப் இனங்களும் சைட்டிஸ் (காட்டுச் செடிகள், விலங்குகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தப் பட்டியலில் இருக்கின்றன.