மதுரையில் விளக்கு, கலைப்பொருள், திருவிழாப் படங்கள் எடுக்க எங்கே, எப்போது போவது? இரவில் எப்படி எடுப்பது?

ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால், சித்திரைத் திருவிழாவின் எதிர்சேவைக்கு வாருங்கள். சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய நாள், அழகர்கோவிலில் இருந்து கிளம்பி வரும் கள்ளழகரை மூன்றுமாவடியில் தொடங்கி தல்லாகுளம் வரை மதுரை மக்கள் எதிர்கொண்டு அழைக்கிற நாள் அது. மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். எனக்கு முந்தைய இரவுதான் பெரிது, காரணம் சர்க்கரைச் செம்பு. செம்பு நிறையச் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழை இலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி நிற்பார்கள். அந்த வெளிச்சம் கீழிருந்து முகத்தில் ஏறும். அழகர் கண்ணில் பட்டதும் செம்பு தலைக்கு மேலே போகும், முகம் இருட்டிவிடும். ஆகவே அவர் வருவதற்கு முந்தைய நிமிடங்களில், பல்லக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மக்களைப் பார்த்து நில்லுங்கள்.

இரவுப் படங்களில் பெரும்பாலும் கெடுவது சுடர்தான். சுற்றிலும் இருட்டாக இருப்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் குறைத்துவிடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). முகத்தின் ஒரு பக்கம் இருட்டில் கரைந்தாலும் பரவாயில்லை, அதுதான் அந்த இடத்தின் நிஜம். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைக் கேமராவிடம் விடாதீர்கள். சுடரின் நிறம் 1900 கெல்வின் அளவில் இருக்கும். தானியங்கி முறை அந்தப் பொன்னிறத்தை வெளுக்கப் பார்க்கும். 3000 முதல் 3500 கெல்வினுக்குள் வைத்தால் அந்தப் பொன்னிறம் தங்கும். நல்ல மொபைல்களில் ப்ரோ மோடில் இவை எல்லாமே உண்டு. ஃபிளாஷ் வேண்டாம். சூடத்தின் வெளிச்சத்தை அது முழுதாக அழித்துவிடும், சாமி கும்பிடுகிறவரின் கண்ணிலும் அடிக்கும்.

ஷட்டர் வேகம் 1/100 நொடி போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தெருவில் கட்டியிருக்கும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. வேகத்தைக் கூட்டினால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மலிவான சீரியல் செட் என்றால் 1/50க்கு இறங்க வேண்டியிருக்கும். கூட்டம் நகரும்போது கொஞ்சம் கலங்கும்தான், ஆனால் பட்டை விழுந்த படத்தை எதுவும் செய்ய முடியாது.

தோப்பறையில் (தோல் பையில்) தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்களை மறக்க வேண்டாம். அது அவர்களின் நேர்த்திக்கடன், நாம்தான் ஒதுங்க வேண்டும். கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கட்டாயம் வேண்டும்.

அமைதியாக, ஸ்டாண்ட் போட்டு எடுக்க விரும்புகிறவர்களுக்குத் தை மாதத் தெப்பத் திருவிழா. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சொக்கநாதரும் வலம் வருவார்கள். கரையில் நின்று வடம் பிடித்துத்தான் தெப்பத்தை இழுப்பார்கள். பௌர்ணமி ஆதலால் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா கிழக்கே எழும்பும். மேற்குக் கரையில் இடம் பிடித்தால் மைய மண்டபம், அதன் விளக்குகள், தண்ணீரில் அவற்றின் நிழல், நிலா எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும். சூரியன் மறைந்த பிறகு வானம் கருநீலமாக இருக்கும் இருபது நிமிடம்தான் சரியான நேரம். அதன் பிறகு வானம் கறுத்து, விளக்குகள் மட்டும் அந்தரத்தில் தொங்கும். தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் தெப்பம் நகராமல் நிற்கும் நிலைத்தெப்பம்தான், அதனால் கிளம்பும் முன் உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சியம்மன் கோவிலுக்குள் எடுக்கலாம் என்று நம்பி வராதீர்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்ததற்குப் பிறகு மொபைலுக்கும் தடை வந்துவிட்டது. திருவிழா நாட்களில் சாமியே கோவிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளுக்கு வருகிறாரே, அங்கே எடுங்கள்.

கலைப்பொருட்களுக்கு, மதுரைக்குப் பக்கத்தில் மண் பொம்மை செய்கிற ஊரான விளாச்சேரி போங்கள். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் வீட்டுக்கு வீடு கொலு பொம்மைகள் காய்ந்துகொண்டிருக்கும். வாசல் வெளிச்சமே போதும். பொம்மைக்குக் கண் எழுதும்போது மட்டும் பக்கத்தில் போய் நிற்காதீர்கள், கை அசைந்தால் அவர்களின் உழைப்பு வீண். கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை அவர்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு வாருங்கள். வியாபாரத்துக்கு அவர்களிடம் நல்ல படங்கள் குறைவு.